கணக்கறிந்த உழவு

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்பதுதான். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று பதில் வந்தால் பெற்றோர் முகம் மலரும். ரிங்லெட் போன்ற ஊரில் ஒரு பிள்ளை, "நான் விவசாயம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் வீடு சற்று நேரம் அமைதியாகிவிடக்கூடும். அந்த அமைதிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

பகாங் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ள ஊர் ரிங்லெட். 1885இல் இம்மலைப்பகுதியை நில அளவை செய்த வில்லியம் கேமரனின் பெயரால் இது கேமரன் மலை என அழைக்கப்படுகிறது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் இங்கே 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டவர்களுள் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தனர். முதுகில் கூடையைச் சுமந்து, பனியிலும் மழையிலும் கொழுந்து பறித்த அவர்களுக்கு அந்த மண் சொந்தமில்லை. எதை நடுவது, என்ன விலைக்கு விற்பது என்று முடிவு செய்யும் உரிமையும் அவர்களிடம் இல்லை. "நம் பிள்ளைகளாவது படித்து இந்த வேலையிலிருந்து விடுபட வேண்டும்" என்பதே அவர்களின் கனவாக இருந்தது.

எனவே, பேரப்பிள்ளை மீண்டும் மண்ணைத் தேடிப் போவதைக் கண்டு பாட்டி கலங்குவது இயல்பே. ஆனால், தோட்டத்தில் கூலிக்கு உழைப்பதும் வேளாண்மையைக் கற்பதும் ஒன்றல்ல. கூலித் தொழிலாளி பிறர் எடுத்த முடிவைச் செய்து முடிக்கிறார். வேளாண்மை கற்றவரோ மண்ணைச் சோதித்து, நோயை அறிந்து, செலவைக் கணக்கிட்டுத் தாமே முடிவெடுக்கிறார்.

வேளாண்மைப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் இத்தகைய தயக்கம் புதியதன்று. அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் 1925இல் கும்பகோணத்தில் பிறந்தார். அவருடைய தந்தை அறுவை மருத்துவர். ஆகவே, மகனும் மருத்துவராக வேண்டும் என்று குடும்பம் எதிர்பார்த்தது. ஆனால், 1943இல் வங்காளத்தில் ஏற்பட்ட பஞ்சம் இலட்சக்கணக்கான மக்களின் உயிரைப் பறித்தது. பசியைத் தீர்க்கும் கல்வியே தமக்கு வேண்டும் என்று அவர் துணிந்தார். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் இந்தியாவின் பசுமைப் புரட்சிக்கு வழிகாட்டிய அவர், 1987இல் உலக உணவுப் பரிசை முதன்முதலில் பெற்றவரானார். பசியைப் போக்குவதும் உயிரைக் காக்கும் பணியே என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

மலேசியாவில் வேளாண்மைக் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. 1931இல் செர்டாங்கில் தொடங்கப்பட்ட விவசாயப் பள்ளி, 1971இல் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1997இல் அது மலேசிய புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது. எஸ்.பி.எம். முடித்தவர்கள் டிப்ளோமா வழியாகவும், எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்தவர்கள் பட்டப்படிப்பு வழியாகவும் இத்துறையில் நுழையலாம். மண்ணியல், பயிர் நோயியல், நீர் மேலாண்மை, வேளாண் வணிகம் ஆகியவை இப்படிப்பின் கிளைகள். கற்றவர் அனைவரும் பண்ணை நடத்த வேண்டும் என்பதில்லை. 1969இல் நிறுவப்பட்ட மார்டி போன்ற ஆய்வு நிறுவனங்களிலும், விதை, உரம், உணவு பதனிடும் தொழில்களிலும் அவர்களுக்கு வேலை வாய்ப்பு உண்டு.

சொந்தமாகச் சிறு பண்ணை நடத்த விரும்புவோரின் எதிர்காலம் எப்படி இருக்கும்? உலகில் உள்ள பண்ணைகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை இரண்டு ஹெக்டருக்கும் குறைவானவை. அவற்றிடம் உள்ள நிலம் மிகக் குறைவு. இருந்தும், உலக உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவையே விளைவிக்கின்றன. இதன் சிறப்பை உணர்ந்த ஐக்கிய நாடுகள் சபை, 2019 முதல் 2028 வரையிலான காலத்தைக் குடும்பப் பண்ணைகளுக்கான பத்தாண்டாக அறிவித்துள்ளது. மலேசியாவோ ஆண்டுதோறும் பல பில்லியன் ரிங்கிட் மதிப்புள்ள உணவுப் பொருள்களை இறக்குமதி செய்கிறது. உள்நாட்டில் விளையும் தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் கீரைக்கும் தேவை இருந்துகொண்டேதான் இருக்கும்.

எனினும், தேவை மட்டும் ஒரு பண்ணையைக் காப்பாற்றாது. முதல் சிக்கல் நிலம். கேமரன் மலையில் பல பண்ணைகள் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக நில உரிமத்தின் கீழ் நீண்டகாலம் இயங்கி வந்துள்ளன. இவ்வுரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், பெரும் பணம் போட்டுக் கூடாரம் அமைக்கத் தயங்குவார். அத்தகைய நிலத்தை அடமானமாக வைத்துக் கடன் பெறுவதும் எளிதன்று.

இரண்டாவது சிக்கல் மழையும் மண்ணும். செங்குத்தான சரிவில் மூடாக்கு இல்லாமல் நிலத்தைத் திறந்துவிட்டால், மழை மேல்மண்ணை அரித்துச் செல்லும். ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் இவ்வாறு வந்த வண்டல் பெருமளவு படிந்துள்ளது. பண்ணைகளிலிருந்தும் கட்டுமான இடங்களிலிருந்தும் வந்த மண் அது. உழவர் இழப்பது வளமான மண்ணை. ஊர் இழப்பது நீரைத் தேக்கும் இடத்தை.

மூன்றாவது சிக்கல் சந்தை. 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, சந்தைகளும் போக்குவரத்தும் முடங்கின. நன்றாக விளைந்த காய்கறிகளைக் கேமரன் மலை விவசாயிகள் டன் கணக்கில் கொட்ட நேர்ந்தது. நகரத்து மக்களோ காய்கறி கிடைக்காமல் தவித்தனர்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது பழமொழி. இதைக் கேட்டு அஞ்சிக் கணக்கே பார்க்காமல் இருப்பது தீர்வாகாது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் தக்காளி பயிரிட 10,000 ரிங்கிட் செலவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 8,000 கிலோ விளைகிறது. அப்படியானால், ஒரு கிலோவின் அடக்கவிலை 1 ரிங்கிட் 25 சென். மொத்த வியாபாரி கிலோவுக்கு 1 ரிங்கிட் மட்டும் கொடுத்தால் 2,000 ரிங்கிட் நட்டம். 1 ரிங்கிட் 80 சென் கிடைத்தால் 4,400 ரிங்கிட் இலாபம். மண்ணும் உழைப்பும் மாறவில்லை. விலை மாறியதுதான் வேறுபாடு. தம் அடக்கவிலையை அறிந்தவரே எந்த விலைக்கு விற்கலாம், எப்போது பயிரை மாற்றலாம் என்று முடிவெடுக்க முடியும்.

நல்ல விலைக்கு வழிகள் உள்ளன. தமிழ்நாட்டில் 1999இல் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தை, இடைத்தரகர் இன்றி விவசாயிகள் நேரடியாக விற்க வழி செய்தது. மலேசியாவில் ஃபாமா நடத்தும் 'பசார் தானி'யும் அத்தகையதே. சிறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்தால் உரம் வாங்கும் செலவும் லாரிச் செலவும் குறையும். 'மைகேப்' சான்றிதழ் பெற்ற பண்ணையின் விளைச்சலைப் பேரங்காடிகள் நம்பி வாங்கும். மழைக்காப்புக் கூடாரமும் சொட்டுநீர்ப் பாசனமும் பயிரைக் காத்து, உரம் வீணாவதைக் குறைக்கும்.

எனவே, இப்படிப்பை விரும்பும் மாணவர் சிலவற்றை முன்னதாகவே எண்ணிப் பார்க்க வேண்டும். விடுமுறையில் ஒரு பண்ணையில் சில வாரங்கள் வேலை செய்து பார்க்கலாம். நிலம் எவருடையது, உரிமம் எத்தனை காலத்திற்கு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, விளைச்சலை யார் வாங்குவார் என்று கேட்டறியலாம். முதலில் சில ஆண்டுகள் பணியில் சேர்ந்து அனுபவமும் முதலும் சேர்த்த பிறகு பண்ணை தொடங்குவதும் நல்ல வழியே.

இக்கேள்விகளுக்கு விடை தேடிய பின்னர், அந்த மாணவர் ஒரு தாளில் கணக்கெழுதிப் பாட்டியிடம் காட்டட்டும். ஆயுள் முழுதும் பிறர் எடை போட்ட கொழுந்துக்குக் கூலி வாங்கியவர் அவர். தன் விளைச்சலைத் தானே எடை போட்டு, தானே விலை பேசப் போகும் பேரப்பிள்ளையின் கணக்கை அவரைவிடக் கூர்ந்து பார்ப்பவர் வேறு யாராக இருக்க முடியும்?