ஒற்றைக்கு மூச்சு உள்ளே, இரட்டைக்கு வெளியே



சென்ற கோடை விடுமுறையில் மைசூரில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பல வருடமாக அஷ்டாங்க யோகா செய்பவர். "எனக்கும் சொல்லித் தாங்க பெரியப்பா" என்று கேட்டேன். அங்கே நான் படித்த பாடத்தையும், செய்த ஒரு தப்பையும் உங்களுக்காக எழுதுகிறேன்.

அஷ்டாங்கம் என்றால் என்ன?

பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு எட்டு அங்கங்கள் சொன்னார். அவை: யமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. இன்று 'அஷ்டாங்க யோகா' என்ற பெயரில் உலகம் முழுவதும் செய்யும் ஆசன வரிசையைப் பரப்பியவர் மைசூர் பட்டாபி ஜோயிஸ் (1915–2009). 1948-ல் மைசூரில் யோகப் பள்ளி தொடங்கினார். 1962-ல் கன்னடத்தில் 'யோக மாலா' என்ற நூலை வெளியிட்டார். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார். அவர் பிற்காலத்தில் நம் சென்னைக்கு வந்து, 1989-ல் நூறு வயதில் அங்கேயே காலமானார்.

முதல் பாடம்: சூரிய நமஸ்காரம்

கால்களைச் சேர்த்து நேராக நிற்க வேண்டும். இதற்கு சமஸ்திதி என்று பெயர். பிறகு ஒன்பது எண்ணிக்கை. மூச்சு முழுக்க மூக்கு வழியாகத்தான்.

1. மூச்சை இழுத்து, கைகளை மேலே தூக்கிக் கட்டைவிரலைப் பார்க்கவும்.
2. மூச்சை விட்டு, குனிந்து கைகளைப் பாதத்தின் பக்கத்தில் வைக்கவும்.
3. இழுத்து, தலையை மட்டும் நிமிர்த்தவும்.
4. விட்டு, கால்களைப் பின்னால் கொண்டுபோய், முழங்கையை மடக்கி உடம்பைப் பலகை மாதிரி தாழ்த்தவும். முடியாதவர்கள் முழங்காலை ஊன்றலாம்.
5. இழுத்து, கைகளை நீட்டி நெஞ்சை நிமிர்த்தி மேலே பார்க்கவும்.
6. விட்டு, இடுப்பை உயர்த்தவும். உடம்பு ஓட்டுக்கூரை மாதிரி இருக்கும். இங்கே மட்டும் 5 மூச்சு நிற்கவும்.
7. இழுத்து, கால்களைக் கைகளுக்கு நடுவே கொண்டுவந்து தலையை நிமிர்த்தவும்.
8. விட்டு, குனியவும்.
9. இழுத்து, கைகளைத் தூக்கி எழவும். மூச்சை விட்டுக்கொண்டே சமஸ்திதிக்கு வரவும்.

கவனித்தீர்களா? ஒற்றைப்படை எண்ணுக்கு மூச்சு உள்ளே, இரட்டைப்படைக்கு வெளியே. இதைத் தெரிந்துகொண்டால் மறக்கவே மறக்காது! இரண்டாவது வகை சூரிய நமஸ்காரத்துக்கு 17 எண்ணிக்கை. அதற்கும் இதே கணக்குதான்.

அதன் பிறகு நின்றபடி செய்யும் ஆசனங்கள். முதலில் கால் பெருவிரலைப் பிடித்துக் குனியும் பாதாங்குஷ்டாசனம், பிறகு பாதஹஸ்தாசனம், திரிகோணாசனம் என்று வரிசை போகும். ஒன்று மனப்பாடம் ஆகி, மூச்சு சீராக வந்தால்தான் அடுத்தது சொல்லித் தருவார்கள். ஒரே அறையில் பத்துப் பேர் செய்தாலும் ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் இருப்பார்கள்.

நான் செய்த தப்பு

இங்கேதான் எனக்குப் பொறுமை இல்லை. ஆறாவது நாள் பெரியப்பா கடைக்குப் போயிருந்தார். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் நெற்றி படும்படி குனிந்தாள். அது பச்சிமோத்தானாசனம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்து வம்பாக இழுத்தேன். தொடைக்குப் பின்னால் சுரீர் என்றது. எழுந்து நடக்கவே முடியவில்லை.

பெரியப்பா வந்து திட்டவில்லை. "குனியறப்ப உன் மூச்சு எப்படிக் கண்ணு இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். நான் மூச்சே விடவில்லை! பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்தேன்.

"மூச்சு நின்னா அங்கயே நிறுத்திப்போடோணும். அக்கா அதுக்கு வர எட்டு மாசம் ஆச்சு, தெரியுமா?" என்றார்.

மூன்று வாரம் ஓட முடியவில்லை. பள்ளி திறந்ததும் 400 மீட்டர் ஓட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். நான் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அன்று வீட்டுக்குப் போய் அழுதது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

வலி முழுவதும் போன பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது தினமும் காலையில் மூன்று சூரிய நமஸ்காரம். குனியும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்கிறேன். நெற்றிக்கும் முழங்காலுக்கும் இன்னும் ஒரு சாண் தூரம் இருக்கிறது. இருக்கட்டும். அடுத்த வருடத் தேர்வில் கட்டாயம் ஓடுவேன்.

நினைவில் கொள்க:
* வெறும் வயிற்றில் செய்யவும்.
* வலித்தால் உடனே நிறுத்தவும்.
* சனிக்கிழமை, அமாவாசை, பௌர்ணமி ஓய்வு நாட்கள். இது மைசூர் வழக்கம்.
* இந்தத் தாளைப் பார்த்து மட்டும் செய்யாதீர்கள். தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.



– 9 'ஆ' பிரிவு மாணவி