பெரிய த்ராட்டில் பாடி பொருத்தலாமா? தங்கவயல் கார் பிரியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் ஒன்று கைக்கு வந்துவிட்டால், அதைச் சும்மா வைத்திருக்க மனம் வராது. 106 குதிரைத்திறன் கொண்ட அந்த இன்ஜினை இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியதும் அடுத்து எழும் ஆசைகளில் ஒன்று, பெரிய த்ராட்டில் பாடி. பாகம் சரியாக அமைந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலைதான். வாருங்கள், சேர்ந்தே செய்வோம்.

அது என்ன?

ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் பாய்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் நாம் திறப்பது காற்றுக்கான கதவை. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாய்க்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் அலுமினிய உடல், அதற்குள் திரும்பும் வட்டத் தகடு, இவைதான் த்ராட்டில் பாடி. உள்ளே போகும் காற்றை சென்சார்கள் அளந்து சொல்ல, அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜினின் கணினியான ஈசியூ தெளிக்க வைக்கிறது.

எவ்வளவு பலன்?

56 மி.மீ. வாயை 60 மி.மீ. ஆக்கினால் வாயின் பரப்பு சுமார் 15 சதவீதம் கூடும். சக்தியும் 15 சதவீதம் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. கேம், ஹெட்டர், மேனிஃபோல்டு எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருந்தால், அரை மிதியிலேயே கார் சுறுசுறுப்பாகக் கிளம்புவது போலத் தெரியும். உச்ச சக்தியில் பெரிய மாற்றம் இருக்காது.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கிறது. கதவுக்கு வெளியே இருக்கும் காற்றே மெலிந்தது என்பதால், கதவைப் பெரிதாக்கி அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது: முதலில் இருப்பதைக் கழற்றிச் சுத்தம் செய்து ஓட்டிப் பாருங்கள். கரி படிந்த தகடு துடைக்கப்பட்டதும் காரின் ஓட்டமே மாறிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அடுத்த படிக்குப் போவோம்.

எவ்வளவு ஆகும்?

த்ராட்டில் கிளீனர் ஸ்ப்ரே 500 ரூபாய்க்குள் முடியும். கேஸ்கெட்டுக்குச் சில நூறு. பாகம்தான் பெரிய செலவு. ஸ்கங்க்2 போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் 90-களின் ஹோண்டா இன்ஜின்களுக்காக 66 மி.மீ., 70 மி.மீ. அளவுகளில் செய்கின்றன. கூரியர், சுங்கவரி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாயைத் தாண்டலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி இன்ஜினுக்கு 70 மி.மீ. வேண்டவே வேண்டாம்.

மாரிகுப்பம் ரயிலில் காலையில் கிளம்பி, பெங்களூரு ஜே.சி. ரோடு கடைகளைச் சுற்றினால், பெரிய ஹோண்டா இன்ஜினின் பழைய பாகம் மலிவாகக் கிடைக்கவும் கூடும். போகும்போது உங்கள் கேஸ்கெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். போல்ட் துளைகள், சென்சார் இருக்கைகள், கேபிள் சக்கரம் மூன்றும் பொருந்த வேண்டும். தகட்டை விரலால் திறந்து விடுங்கள், டக்கென்று மூட வேண்டும். தயங்கி மூடினால் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள்.

மேனிஃபோல்டின் வாய் சிறியதாக இருந்தால் பெரிய பாடியால் பயனில்லை. மேனிஃபோல்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து அகலப்படுத்தும் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

எப்படி மாற்றுவது?

காற்று அடிக்காத காலை நேரமாகப் பாருங்கள். தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளின் மாவு போன்ற தூள் காற்றில் எழும் ஊர் இது. திறந்த மேனிஃபோல்டுக்குள் அது போனால் சிலிண்டர் சுவரை அறுக்கும். கழற்றிய நொடியே சுத்தமான துணியால் வாயை மூடுங்கள்.

இன்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடிக்குள் கூலன்ட் குழாயும் ஓடக்கூடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஹோஸையும் பிடுங்கும் முன் போனில் படம் எடுங்கள். பிறகு ஏர் குழாய், சென்சார் பிளக்குகள், ஆக்சிலரேட்டர் கேபிள், கடைசியாக நட்டுகள் என்று வரிசையாகப் போவோம்.

பழைய கேஸ்கெட்டின் ஒட்டலை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். புதிய கேஸ்கெட் வைத்து, நட்டுகளைக் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். அலுமினியத்தில் அதிக பலம் காட்டினால் மரை போய்விடும். கேபிளில் சுமார் 10 மி.மீ. தளர்வு இருக்கட்டும்.

சென்சாரும் ஐடிலும்

புதியவர்கள் அவசரப்பட்டுத் தவறவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். பேட்டரியை இணைத்து, இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். மல்டிமீட்டரில் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் சிக்னல் கம்பியைப் பாருங்கள். தகடு மூடியிருக்கும்போது 0.5 வோல்ட், முழுதும் திறந்தால் 4.5 வோல்ட் அருகே வர வேண்டும். நடுவில் எங்கும் எண் குதிக்கக் கூடாது.

பிறகு இன்ஜினை இயக்கி ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை காத்திருங்கள். ஏசி, விளக்கு எதுவும் போடாமல் 5 நிமிடம் ஐடிலில் விடுங்கள். 750 ஆர்பிஎம் அருகே நின்றால் வேலை சரி. ஏறி இறங்கி ஊசலாடினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐடில் திருகாணியைத் தொடாமல் முதலில் கேஸ்கெட்டையும் ஹோஸ்களையும் பாருங்கள்.

ஜாக்கிரதை

கேபிள் இல்லாத, எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள கார் என்றால் ஸ்கேனர் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. பாகத்தை வாங்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் கேட்டுவிடுங்கள். பொருத்திய பின் புகைச் சோதனையையும் புதிதாக எடுங்கள்.

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் சோதித்துப் பார்க்க வேண்டாம். பேத்தமங்கலம் சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், மெதுவாகப் பழகுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பின் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். பழைய த்ராட்டில் பாடியை மட்டும் விற்றுவிடாதீர்கள், துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.