கணிப்பொறியின் வெப்பமும் விசிறியின் ஓசையும்

எந்தக் கணிப்பொறியும் தான் பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ முழுவதையும் இறுதியில் வெப்பமாகவே வெளிவிடுகின்றது. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாக்கப்பெற்று, 1960-இல் இயங்கத் தொடங்கிய ‘டிஃப்ராக்’ யந்திரத்தில் ஏறத்தாழ 2,700 வால்வுகள் இருந்தன. ஒவ்வொரு வால்வும் சூடேறிய பின்னரே வேலை செய்யும். ஆகவே வெப்பத்தை அகற்றுவது அன்றே ஒரு பிரச்சினையாக இருந்தது.

இன்று அதே நகரில் தாராவி, மாதுங்கா, செம்பூர் வீடுகளில் மாணவர் வைத்திருக்கும் விளையாட்டுக் கணிப்பொறி மேசைக்கடியில் அடங்கிவிடுகின்றது. ஆயினும் அதன் பிராசஸர் 65 முதல் 125 வாட் வரையிலும், கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் 200 வாட்டுக்கு மேலும் தபால் தலையளவே உள்ள சில்லுகளில் வெப்பமாக்குகின்றன. விளையாட்டுக்கு வாங்கிய யந்திரமே பல வீடுகளில் படிப்புக்கும் பிழைப்புக்கும் பயன்படுவதால், காரணம் அறியாது உறுப்புகளை மாற்றுவது அக்குடும்பத்திற்குப் பெருஞ்செலவாகும்.

வெப்பம் செல்லும் வழி

சில்லில் தோன்றும் வெப்பம் முதலில் பசைப்படலத்தையும், பின்னர் செம்பு அல்லது அலுமினியத் தகடுகளாலான ஹீட் சிங்கையும், அதன்பின் பெட்டியினுள் உள்ள காற்றையும், முடிவில் அறையையும் அடைகின்றது. செம்பு, காற்றைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆதலால் சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய காற்றிடைவெளி இருப்பினும் வழி அடைபடுகின்றது. அவ்விடைவெளியை நிரப்புவதே பசையின் பணி.

அறையின் வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால், அதே வேலையில் சில்லின் வெப்பநிலையும் ஏறத்தாழ 10 டிகிரி உயரும். தகரக் கூரையின் கீழுள்ள ஓரறை வீட்டில், கோடைப் பகலில், யந்திரம் வெளிவிடும் வெப்பம் அறையிலேயே தங்குவதும் இதனுடன் சேர்கின்றது.

ஓசை ஓர் அறிகுறியே

வெப்பநிலை உயர்ந்தவுடன் யந்திரம் விசிறியின் வேகத்தைத் தானாகக் கூட்டுகின்றது. வேகம் இரட்டித்தால் ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் உயரும். ஓசையை வெறுத்து வேகத்தைக் குறைத்தால் நோய் மறையுமேயன்றித் தீராது. வெப்பநிலை 95 முதல் 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது பெரும்பாலான பிராசஸர்கள் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடும். அதன்பின்னும் வெப்பம் ஏறினால் யந்திரம் தானே நின்றுவிடும்.

குறை காணும் முறை

வெப்பநிலையைக் காட்டும் நிரல் ஒன்றையும் கடிகாரத்தையும் கொண்டு கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. வேலை தொடங்கிய சில விநாடிகளிலேயே வெப்பநிலை உச்சத்தைத் தொட்டு, வேலை நின்றதும் அவ்வாறே விரைந்து இறங்கினால், வெப்பம் தகடுகளைச் சரிவரச் சேரவில்லை. பசை உலர்ந்திருக்கலாம், அல்லது ஹீட் சிங்கின் திருகு தளர்ந்திருக்கலாம்.

2. பதினைந்து, இருபது நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறினால், காற்றோட்டத்தில் குறை உண்டு. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெப்பநிலை தெளிவாக இறங்கினால் பெட்டியின் காற்றுவழி போதவில்லை. இறங்காவிடில் தகடுகளுக்கிடையே தூசி அடைத்துள்ளதா என்று நோக்க வேண்டும்.

3. வேலை ஏதுமின்றியே சூடேறினால், மறைவில் ஓடும் நிரல் உள்ளதா என்றும், விசிறிகள் யாவும் சுழல்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

4. வெப்பநிலை குறைவாயிருந்தும் உராய்வோசை கேட்டால், விசிறியின் தாங்கி தேய்ந்திருக்கலாம்; அல்லது கம்பி ஏதேனும் இறக்கையில் உரசலாம்.

தூய்மை செய்தல்

மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். விசிறியின் இறக்கையை விரலால் அசையாது பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையாலும் காற்று ஊதியாலும் தூசியை அகற்றலாம். ஹீட் சிங்கைக் கழற்றினால், பழைய பசையை முற்றும் துடைத்துப் புதிய பசையை இட்ட பின்னரே மீண்டும் பொருத்த வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை எக்காரணத்தாலும் திறத்தலாகாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். யந்திரத்தைச் சுவரோடு ஒட்டியோ, மூடிய அலமாரியிலோ வைக்காமல், பின்புறம் ஒரு சாண் இடைவெளி விடுதல் நன்று.

ஆசிரியர்கள் பௌதிக வகுப்பில் ஒரே கணிப்பொறியின் வெப்பநிலையைத் தூய்மைக்கு முன்னும் பின்னும், நிமிடத்திற்கு ஒருமுறை குறித்து, இரு வரைபடங்களாக வரையச் செய்யலாம். வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம் ஆகிய இரு பாடங்களும் மாணவர்க்கு அவ்வரைபடங்களிலேயே விளங்கும்.