மின்னழுத்தமும் மலை மந்திர் படிகளும்



சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் மேல்மாடி வீட்டுப் பெண் விடைத்தாளும் கையுமாக வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. "மாமா, ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். ஆனா மைனஸ் எங்கே வரும்னே புரியலை. பிசிக்ஸே எனக்கு வராதுன்னு தோணறது" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன. நிலைமின்னியல் கணக்குகள் இரண்டும் தவறு.

எனக்கு வியப்பில்லை. அவள் வயதில் நானும் இதே இடத்தில்தான் இடறினேன். வாய்பாடு தெரியும், அது என்ன சொல்கிறது என்று தெரியாது. அன்று அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போகாத தில்லித் தமிழர் உண்டா? அடிவாரத்திலிருந்து சன்னதிக்கு ஏறுகிறோம். புவியீர்ப்பை எதிர்த்து நாம் செய்யும் வேலை, உயர வித்தியாசத்தை மட்டுமே பொறுத்தது. நேராக ஏறினாலும் வளைந்து ஏறினாலும் அதே அளவுதான். மின்னழுத்தமும் அப்படி ஓர் 'உயரம்'. 1 கூலும் நேர் மின்னூட்டத்தை முடிவிலாத் தொலைவிலிருந்து ஓரிடத்துக்கு மெதுவாகக் கொண்டுவர எத்தனை ஜூல் வேலை தேவையோ, அதுவே அவ்விடத்தின் மின்னழுத்தம். 1 கூலுமுக்கு 1 ஜூல் என்றால் 1 வோல்ட். 1800இல் தம் மின்கல அடுக்கை அறிவித்த இத்தாலியர் வோல்டாவின் பெயரால் அமைந்த அலகு இது.

இரண்டே விதிகள் போதும்.

ஒன்று: புள்ளி மின்னூட்டத்தால் உண்டாகும் மின்னழுத்தம் = 9 × 10⁹ × மின்னூட்டம் ÷ தொலைவு.

இரண்டு: நாம் செய்யும் வேலை = நகர்த்தும் மின்னூட்டம் × (முடிவிட மின்னழுத்தம் − தொடக்க மின்னழுத்தம்).

இனி கணக்கு. ஓரிடத்தில் +4 மைக்ரோ கூலும் அசையாமல் இருக்கிறது. அதிலிருந்து 90 செ.மீ. தொலைவில் 'அ', 30 செ.மீ. தொலைவில் 'ஆ'. +2 மைக்ரோ கூலுமை அ-விலிருந்து ஆ-வுக்கு நகர்த்த எவ்வளவு வேலை?

9 × 10⁹ × 4 × 10⁻⁶ = 36,000. இதை 0.9 மீட்டரால் வகுத்தால் அ-வில் 40,000 வோல்ட். 0.3 மீட்டரால் வகுத்தால் ஆ-வில் 1,20,000 வோல்ட். வித்தியாசம் 80,000 வோல்ட். அதை 2 × 10⁻⁶ ஆல் பெருக்க, வேலை 0.16 ஜூல். 100 கிராம் பொட்டலத்தை ஏறக்குறைய 16 செ.மீ. தூக்குகிற வேலைதான்.

நகர்த்துவது −2 மைக்ரோ கூலும் என்றால்? விடை −0.16 ஜூல். "வேலை எப்படி மாமா மைனஸ் ஆகும்?" என்றாள். கேட்கவேண்டிய கேள்வி! கேஸ் பலூனை நினைத்துக்கொள்ளுங்கள். அது தானே மேலே போகும். மெதுவாகப் போகவேண்டுமானால் நாம் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கவேண்டும். நம் விசை ஒரு திசை, நகர்வு எதிர்த்திசை. அதுதான் அந்த மைனஸ். எதிர் மின்னூட்டத்துக்கு உயர் மின்னழுத்தம் ஏற்றமல்ல, சறுக்கல்.

வழக்கமாக மதிப்பெண் போகும் இடங்கள் நான்கு: சென்டிமீட்டரை மீட்டராக்க மறப்பது, மின்புல வாய்பாட்டின் நினைவில் தொலைவை வர்க்கப்படுத்துவது, மின்னூட்டத்தின் குறியை விட்டுவிடுவது, தொடக்கத்திலிருந்து முடிவைக் கழிப்பது.

இன்னொரு பொறி. +4, −4 மைக்ரோ கூலும்களுக்குச் சரியாக நடுப்புள்ளியில் மின்னழுத்தம் சுழி. ஆனால் மின்புலம் சுழியல்ல. இரண்டின் புலமும் அங்கே ஒரே திசையில் கூடுகின்றன. சாலை கடல்மட்டத்துக்கு வந்த இடத்திலும் சரிவு இருக்கலாம் அல்லவா? மின்னழுத்தம் உயரம்; மின்புலம் சரிவு.

இப்போது நீங்கள் செய்யுங்கள்: அதே +4 மைக்ரோ கூலும் அருகே, −3 மைக்ரோ கூலுமை 60 செ.மீ. தொலைவிலிருந்து 20 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவர நாம் செய்யும் வேலை என்ன? விடை −0.36 ஜூல்.

அந்தப் பெண் இதை என் உதவியின்றிப் போட்டாள். விடையைச் சொல்லிவிட்டு, "பலூன்தானே மாமா?" என்றாள். அடுத்த தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்குவாளோ, நான் அறியேன். ஆனால் பிசிக்ஸ் வராது என்று அவள் இன்னொரு முறை சொல்லவில்லை.