எருமை நீங்கிய ஏரி

உயிரினங்கள் தமக்குள்ளும், தம்மைச் சூழ்ந்த மண், நீர், காற்று, வெயில் ஆகியவற்றோடும் கொண்டுள்ள உறவை ஆராயும் துறை சூழ்நிலையியல் எனப்படும். 1866இல் ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கல் இத்துறைக்குப் பெயரிட்டார். ஓரிடத்து உயிர்களையும் உயிரற்ற பொருள்களையும் பிரிக்காது ஒன்றாகக் கொள்ளும் ‘சூழ்நிலை மண்டலம்’ என்னும் கருத்தை 1935இல் வழங்கியவர் ஆங்கிலேயத் தாவரவியலார் டான்ஸ்லி. ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை வகுத்துக் கற்கும் நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு இப்பாடம் கடினமன்று. ஆயினும் உயிர்களை வகைப்படுத்துவது வேறு. அவை ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என அறிவது வேறு.

நம் ஊர்க் குளத்தையே நோக்குவோம். பாசியும் நீர்ச்செடியும் கதிரவனின் ஒளியால் உணவு சமைக்கின்றன, அவை உற்பத்தியாளர்கள். அவற்றை உண்ணும் புழுவும் மீனும், மீனை உண்ணும் கொக்கும் நுகர்வோர். இறந்தவற்றை மட்கச் செய்து மீண்டும் மண்ணுக்கு அளிக்கும் நுண்ணுயிர்கள் சிதைப்போர். ஒரு படியிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்குச் செல்லும். குளத்தில் பாசி மிகுந்தும் கொக்கு அருகியும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இம்மண்டலம் என்றும் ஒரே நிலையில் நிற்பதில்லை. வண்டல் படியப் படியக் குளம் மேடாகும்; நீர்ச்செடி இருந்த இடத்தில் கோரையும், கோரை இருந்த இடத்தில் புல்லும், பின்னர்ப் புதரும் மரமும் வந்தமையும். இதனை வழிமுறை வளர்ச்சி என்பர். தூர் வாரப்படாத ஏரிகளை உடைய ஊரார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இம்மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் உயிர் எது என்பது சில வேளைகளில் அவ்வுயிரை விலக்கிய பின்னரே புலப்படுகிறது. இராஜஸ்தானத்துப் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்கா இதற்குச் சான்று. சற்றொப்ப 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இச்சதுப்பு நிலம் இயற்கையாக அமைந்ததன்று; மன்னர்கள் அணை கட்டி நீர் தேக்கியதால் உண்டானது. ஒரு காலத்தில் இது வேட்டைக் களம். 1938இல் வைசிராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டைக் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர் என்னும் செய்தி படிப்போர் நெஞ்சை நடுங்கச் செய்யும். 1956இல் இது பறவைகள் சரணாலயமாயிற்று. 1985இல் உலகப் பாரம்பரிய இடமாக ஏற்கப்பட்டது.

தேசியப் பூங்காவில் கால்நடை மேய்தல் ஆகாது என்னும் சட்டப்படி 1982 நவம்பரில் எருமைகள் உள்ளே நுழையத் தடை விதிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்த்து வந்த கிராமத்தார் எதிர்த்தனர். காவல் துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைக் காக்கவென்று எழுந்த ஏற்பாடு மனித உயிரைப் பலி கொண்டது.

அதன் பின்னர் நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. எருமை தின்று வந்த பாஸ்பாலம் என்னும் ஒருவகை நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. திறந்த நீர் குறைந்தது. மீனும், நீரில் மூழ்கி இரை தேடும் பறவைகளும் இடர்ப்பட்டன. மட்கிய புல் அடியில் படிந்து ஆழத்தையும் குறைத்தது. 1980இல் தொடங்கிப் பத்தாண்டுக் காலம் அங்கு ஆய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், எருமைகள் இம்மண்டலத்தின் ஓர் உறுப்பாகவே இருந்தன என்று கண்டனர். பின்னர்க் கிராமத்தாரே உள்ளே சென்று புல் அறுத்துச் செல்ல இசைவு அளிக்கப்பட்டது. எனினும் அரிவாள் கரையோரத்துப் புல்லை அறுக்குமேயன்றி, கழுத்தளவு நீரில் நின்று மேயும் எருமையின் வேலையை முற்றும் செய்யாது.

சைபீரியக் கொக்குகள் 2002க்குப் பின் பரத்பூருக்கு வரவில்லை. அப்பழியைப் புல்லின்மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது. அவை வரும் நெடுவழியில் வேட்டையாடப்பட்டதும் பெருங்காரணம். இன்று அங்குள்ள பெருங்கவலை நீரைப் பற்றியது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை எழுந்த பின் பூங்காவுக்கு வரும் நீர் சுருங்கிற்று. வறண்ட நிலத்தில் நம் ஊர்க் கண்மாய்களில் காணும் அதே சீமைக்கருவேல் பரவ, அதனையும் அக்கிராமத்தாரே வேரோடு அகழ்ந்தனர். விறகு அவர்களுக்கு, வெளி பறவைகளுக்கு.