அளந்து உலையிடுவோம்

அறந்தாங்கிப் பகுதிக்குக் காவிரி நீர் கல்லணைக் கால்வாயின் கடைமடையாகவே வந்து சேர்கிறது. அந்நீருக்குக் காத்திருந்து விளைவித்த நெல்லின் அருமையை அறிந்த நாமே சோற்றைக் குப்பையில் கொட்டுகின்றோம். 2022ஆம் ஆண்டில் உலகின் கடைகள், உணவகங்கள், வீடுகளில், தோல், விதை உட்பட, வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானதாம்!

பொழுது சாயுமுன் உண்டு, மிஞ்சியதை மறுநாள் உண்ணாத நெறியுடைய இல்லங்களில் பழைய சோற்றுக்கு இடமில்லை. ஆதலின் உலை வைக்கும்போதே கணக்கிடுதல் வேண்டும்.

எங்கள் இல்லத்தில் நெடுங்காலம் கைக்கணக்கிலேயே அரிசி களைந்து வந்தோம். பிள்ளைகள் வெளியூர் சென்ற பின்னரும் கை பழைய அளவையே அள்ளியது. ஒரு வாரம் மிஞ்சிய சோற்றை நாள்தோறும் உழக்கால் அளந்து ஏட்டில் குறித்த பிறகே உண்மை விளங்கிற்று. நாளொன்றுக்கு 50 கிராம் அரிசியைக் குறைத்தாலே ஆண்டில் 18 கிலோவுக்கு மேல் மிச்சமாகும்.

குழந்தைகளுக்கு முதலில் ஒரு கரண்டி மட்டும் பரிமாறுங்கள். வேண்டுமாயின் மறுபடி கேட்கட்டும். விருந்தினர் வந்த நாளில் சோறு போதாவிடில் உப்புமா கிண்டிவிடலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.