வீட்டு இணையத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்

"நெட் ஓடவில்லை" என்று சகோதரர்கள் நம் அலுவலகத்தில் குறைபட்டுக்கொள்ளும்போது, எந்த நேரத்தில், எவ்வளவு குறைந்தது என்று கேட்கிறோம். பிள்ளையின் வகுப்பு பாதியில் நின்ற வருத்தம் இருக்கிறது. கையில் ஆதாரம் இல்லை. நிறுவனத்தின் ஆள் காலையில் வந்து ஒருமுறை சோதித்து, சரியாக இருக்கிறதென்று சொல்லிப் போகிறார். காலையில் சரியாகத்தான் இருந்திருக்கும். ஃபைபரில் சுமார் 2.5 ஜிகாபிட் வேகமுள்ள ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகள்கூடப் பகிர்வதுண்டு. மஃரிபுக்குப் பின் எல்லா வீட்டிலும் வீடியோ ஓடினால் நெரிசல் ஏற்படலாம்.

ஆகவே, பல நேரங்களில் அளந்த கணக்கு வேண்டும். 'ஸ்பீட்டெஸ்ட் டிராக்கர்' என்ற இலவச மென்பொருள் குறித்த நேரங்களில் தானே வேகத்தை அளந்து, தேதியோடு நம் கணினியிலேயே சேமித்து வரைபடமாகக் காட்டும். பழைய மடிக்கணினி போதும். அதில் லினக்ஸும் டாக்கரும் நிறுவ வேண்டும். கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு மாலை வேலைதான். நேர மண்டலத்தை 'ஏசியா/கொல்கத்தா' என்று முதலிலேயே அமைத்துவிடுங்கள். இல்லையேல் இரவு 8 மணிச் சோதனை பிற்பகல் 2.30 என்று காட்டக்கூடும். அத்தகைய புகாரை யார் ஏற்பார்?

கணினியை ரவுட்டருடன் கேபிளில் இணைப்பது அவசியம். வைஃபையில் அளந்து புகார் செய்வது, நம் வீட்டுச் சுவரின் குற்றத்தை நிறுவனத்தின் மேல் சுமத்துவதாகிவிடும். கேபிளில் வேகம் சரியாக வந்து உள்ளறையில் மட்டும் குறைந்தால், ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். மடிக்கணினியின் கேபிள் இணைப்பு 100 மெகாபிட் வகையாக இருந்தால், 200 மெகாபிட் திட்டத்தை அதனால் அளக்க முடியாது என்பதையும் கவனியுங்கள்.

100 மெகாபிட் என்பது நொடிக்கு 100 மெகாபைட் அன்று. எட்டால் வகுத்தால் 12.5 தான். இந்தக் குழப்பத்தாலேயே பல சண்டைகள்!

ஒவ்வொரு சோதனையும் டேட்டாவைச் செலவழிக்கும். 100 மெகாபிட் இணைப்பில் ஒருமுறைக்கு 250 எம்பி வரை ஆகலாம். மணிக்கொருமுறை என்றால் நாளைக்கு 6 ஜிபி. அளவு வரம்புள்ள திட்டமென்றால் நான்கு மணிக்கொருமுறை வையுங்கள். மொபைல் டேட்டாவில் இதை ஓட்டவே வேண்டாம்.

ஒரு வாரப் பதிவு சேர்ந்ததும் நிறுவனத்தின் புகார் மையத்தில் முறையிட்டு, புகார் எண்ணைத் தவறாமல் எழுதி வையுங்கள். தீர்வு திருப்தியில்லை என்றால், அந்த எண்ணோடும் வரைபடத்தோடும் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது.